தந்தை பெயர் என்ற கட்டம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மருந்து மாத்திரையின் தயவில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எதன் தயவும் வேண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவர் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் விஷயம் வந்ததும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன், அது உனக்குத் தெரிந்ததுதான். கடிதத்தில் அப்படி நழுவ முடியாது. இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், கிழித்ததையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடாமல் இரண்டில் பிரித்துப் போட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டு தொட்டியையும் ஒரே ஆள்தான் எடுத்துட்டுப் போறான், தெரியுமில்ல" என்றாள். அவள் முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். உன் அண்ணன் மாதம் ஒருமுறை வந்து நான் எழுதிவைத்த பழுது பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போகிறான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார், அது நம் வாசலையும் சேர்த்துப் பார்க்கிறது என்பது என் சந்தேகம். "பாத்தா பாக்கட்டுமே, நீங்க பேப்பர் எடுக்க வர்றதப் பாத்து அவருக்குக் கண்ணு குளிரட்டும்" என்கிறாள் உன் அம்மா. வியாழக்கிழமை தச்சர் வந்துபோனார், உன் அறைக் கதவில் ஒரு வேலை இருந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வருடம் கிட்டத்தட்ட ஒரு மாதம் நான் காலையில் பையை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வந்தேன் அல்லவா, நீ கேட்டபோது ஓர் அலுவலகத்தில் காகிதம் பிரிக்கிற வேலை என்று சொன்னேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மக்களுடைய சொந்த விவரங்களை யார் வைத்திருக்கிறார்கள், எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கண்காணிக்க அரசு ஏற்படுத்தியிருக்கும் தனியுரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு நிர்வாக இயக்குநர் தேடினார்கள். இருபத்துமூன்று விண்ணப்பங்கள். ஆள் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாமல் தகுதியை மட்டும் பார்த்து முதல் சுற்றில் வடிகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கம்ப்யூட்டரில் வைத்தால் யார் கண்ணிலாவது படும் என்று எல்லாமே தாளில்தான். முன்னறையில் ஓர் அம்மாள் பெயர், முகவரி, புகைப்படம், தந்தை பெயர் எல்லாவற்றின் மீதும் கறுப்புப் பேனாவால் பூசி, எண் போட்டு, பூட்டிய பெட்டியில் வைப்பார். அவரை எல்லோரும் மைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னறையில் நான் பெட்டியைத் திறந்து, பூசியது போதாமல் எங்காவது ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொல் மிச்சமிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருடம் மருத்துவமனை ஆவணப் பிரிவில் அடுத்தவர் நோயை அடுத்தவர் படிக்காமல் பார்த்துக்கொண்டவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்காரம்மா எனக்கு மை பூசாத தாளைக் காட்டவே மாட்டார். "உங்களுக்குப் பேர் தெரிஞ்சா எனக்குச் சீட்டு கிழியும் சார், அந்தப் பக்கமே நில்லுங்க" என்பார். முதல் நாளே, விண்ணப்பித்தவர்களில் எனக்கு உறவினர் எவரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் அறிந்தவரை அது உண்மை.

அங்கே எனக்கு முதலில் சந்தேகம் வந்தது ஆள்பிடிப்பவர் மேல். பெரிய பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற கம்பெனிக்காரர், நல்ல சட்டை, எப்போதும் சிரித்த முகம். "நல்ல ஆளுங்க தானா வரமாட்டாங்க சார், நாமதான் போய் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாம் நாள் என் மேசைப் பக்கம் வந்து, "உங்க பொண்ணு வெளிநாட்டுலதானே இருக்காங்க?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. இவருக்கு எப்படித் தெரியும் என்று அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாள்தான் ஞாபகம் வந்தது, வேலையில் சேரும் படிவத்தில் குடும்ப விவரம் என்ற கட்டத்தில் நானே அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நான் எதையும் அப்போதே கேட்டவன் இல்லை.

மூன்றாவது வாரம் பதினான்காம் எண் தாள் வந்தது. அனுபவம், படிப்பு எல்லாம் பிரமாதம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் நோயாளிகளின் விவரங்களை விற்காமல் தடுத்தவர் என்று இருந்தது. நான் மனதுக்குள் இவருக்கே கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, தனியுரிமை என்பது என்னவென்று நீங்கள் முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்கள் என்று. மற்றவர்கள் சட்டப் பிரிவுகளை எழுதியிருந்தார்கள். பதினான்கு ஒரே பத்திதான் எழுதியிருந்தது. பதினேழு வயதில் தனக்கு வந்த ஒரு கடித உறையின் விளிம்பில் பழுப்புக் கோந்து இருந்தது என்றும், வீட்டில் அந்தக் கோந்து ஒரே ஒருவர் மேசையில்தான் உண்டு என்றும், அதற்குப் பிறகு எத்தனை கடிதம் அப்படிப் பிரிக்கப்பட்டது என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் எழுதியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர், மனிதர்களைக் கெட்டவர்களிடமிருந்து காப்பது சுலபம், அவர்கள்மேல் அக்கறையோடு பயப்படுகிறவர்களிடமிருந்து காப்பதுதான் கடினம் என்றும் இருந்தது. நான் என் சீட்டில், அடையாளம் தெரிகிறதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் அதற்கடுத்த வரியைப் படித்தேன். அதே வாரம் தன் அறையின் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டதென்று கழற்றப்பட்டதாகவும் புதியது வரவே இல்லை என்றும் இருந்தது.

எத்தனையோ வீடுகளில் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அரை மணி நேரம் சொன்னேன். பிறகு மை சரியாகப் பூசியிருக்கிறதா என்று சோதிப்பது என் வேலையில் சேர்ந்ததுதானே என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து, முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அச்செழுத்து மையைவிடக் கறுப்பு. பின்பக்கமாகப் பார்த்ததால் எழுத்துக்கள் இடவலம் மாறித் தெரிந்தன. நான் பார்த்தது உன் பெயரை அல்ல, அதற்குக் கீழே தந்தை பெயர் என்ற கட்டத்தை. எழுபத்திரண்டு வயதில் என் பெயரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் படித்தேன், எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் திரும்பிவந்து தாளை மேசையில் வைத்தபோதுதான் உறைத்தது, மூடி வைத்ததை நான் மறுபடியும் பிரித்துவிட்டேன். அன்றைக்குக் கெட்டில் ஆவி, இன்றைக்கு ஜன்னல் வெயில்.

அடுத்த மூன்று நாள் நான் இருந்த இருப்பை உன் அம்மாவிடம் கேட்டால் சொல்வாள். பெற்ற மகளைப் பற்றி நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன். நான் அங்கே இருப்பது தெரிந்துதான் விண்ணப்பித்தாயா என்று நினைத்தேன். உன் விண்ணப்பத்தில் வரவு முத்திரையின் தேதியைப் பார்த்தேன், என்னைக் கூப்பிட்டதற்கு ஐந்து நாள் முந்தியது, அதனால் உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உடனே சந்தேகம் ஆள்பிடிப்பவர்மேல் தாவியது. வெற்றிலை பாக்கு வைத்து உன்னை அழைத்தவர் அவரா, அப்பாவை உள்ளே வைத்தால் வசதி என்று என்னையும் அவர்தான் அழைத்தாரா என்று. இதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. நீ பதில் எழுத வேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் ஓர் உறையைப் பிரிப்பதுதான். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ ஊருக்கே வந்துவிடலாமே என்ற ஆசை அந்த மூன்று நாளும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நீ திரும்பி வர நினைத்திருக்கிறாய் என்பதே எனக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றும் அதே தாளில்தான் எழுதியிருந்தாய்.

நாலாம் நாள் தேர்வுக் குழுத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாவின் அறைக்குப் போனேன். கதவு வரை போய் இரண்டு முறை திரும்பினேன் என்பதை மைக்காரம்மா பார்த்துவிட்டு, "பாத்ரூம் அந்தப் பக்கம் சார்" என்றார். உள்ளே போய், நான் முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாள் இப்போது உண்மை இல்லை, இருபத்துமூன்றில் ஒருவர் என் உறவு, என்னை விடுவித்துவிடுங்கள் என்றேன். எந்த எண் என்று கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எண்ணைச் சொன்னால் உன்மேல் போட்ட மையை நானே துடைத்ததாகும், குழு உன்னை வேறு கண்ணால் பார்க்கும். சொல்லாவிட்டால் நான் எதையோ மறைப்பதாகும். சொல்ல மாட்டேன் அம்மா என்றேன். நான் ஓர் அதிகாரியிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை, குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க சொல்லலேன்னா இருபத்துமூணு பேரும் உங்களுக்குச் சொந்தம்னுதான் நான் எடுத்துக்கணும்" என்றார். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெயிலில் பிடித்தால் எழுத்து தெரிகிறது என்பதையும் செய்துகாட்டினேன், அதற்கு வேறொருவர் தாளை எடுத்துக்கொண்டேன், உன்னுடையதை அல்ல. பெயர் தெரிவதற்குள் இறக்கிவிட்டேன். பூசிய தாளை நகல் எடுத்து, நகலை மட்டும் குழுவுக்குக் கொடுத்தால் தெரியாது என்று சொன்னேன். "பாதுகாக்கிற ஆபீசுக்கே ஓட்டையா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பார்த்த தாள்கள் எல்லாவற்றையும் வேறொருவர் முதலிலிருந்து பார்ப்பார் என்றும், நியமன ஆணையில் கையெழுத்தாகும்வரை அந்த உறவிடம் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் சொன்னார். அதனால்தான் போன ஆறு ஞாயிற்றுக்கிழமையும் உன் போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து காலை நடையைக்கூட வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டேன், அந்தக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகை கண்ணில் படக் கூடாது என்று.

நேற்று நீதிபதி அம்மா போன் செய்தார். "கையெழுத்து ஆயிடுச்சு, இனிமே நீங்க யாரோட வேணா பேசலாம். யாருக்குக் கெடச்சதுன்னு சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் அம்மா, அந்தச் செய்தி யாருடையதோ அவருக்கு முதலில் போகட்டும் என்றேன். சிரித்தார். வைத்த பிறகு கேட்டிருக்கலாமோ என்று பதினைந்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆகவே இது உன் கையில் சேரும்போது உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. நீயாகச் சொல்கிற அன்றைக்குத் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. உன் கடிதங்களைப் பிரித்தது நான்தான். மூன்று கடிதம். எத்தனை என்று தெரியாது என்று எழுதியிருந்தாயே, அதனால் எண்ணிக்கையைச் சொல்கிறேன், மூன்றுக்கு மேல் இல்லை. வாராவாரம் தடித்த உறை வந்தது, அனுப்பியவர் பெயர் இருக்காது, எனக்குப் பயம். எவனோ என்று நினைத்தேன். மூன்றும் ஊர் மாறிப் போன உன் வகுப்புத் தோழி எழுதியவை. மூன்றாவதில், உங்கப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டுவிட்டேன் என்று சொல்லு என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு நிறுத்தினேன். ஆனால் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டவில்லை. துருவும் பிடிக்கவில்லை. இருபத்து நான்கு வருடமாக உனக்குத் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன், உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை. எழுதாமலே நினைக்கிறேன்.

தச்சர் வியாழக்கிழமை உன் அறைக் கதவில் புதிய தாழ்ப்பாள் மாட்டிவிட்டார். உள்பக்கம் மட்டும், வெளியே ஒன்றுமில்லை. "யாரு சார் வர்றாங்க?" என்றார். வந்தாலும் வராவிட்டாலும் அது அவளுடைய அறைதானே என்றேன். அவர் போனபின் நான் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது. வெளியே நின்று உன் அம்மா, "உள்ள என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். ஒரு நிமிடம் பதில் சொல்லாமல் நின்றேன். நன்றாக இருந்தது. இந்தக் கடிதத்தை அவள் படிக்கக் கேட்டாள். இது சின்னவளுக்கு என்றேன். "இத்தன வருஷம் கழிச்சு இப்பவாவது அந்தப் புத்தி வந்துச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்கு ஓய்வு கொடு. எந்தப் படிவத்திலும் கேட்காததை எழுதாதே, கேட்டாலும் எதற்கு என்று கேள், அது எனக்குத்தான் வராது. நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்டநாள் நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பழைய கோந்து பாட்டிலை எறிந்துவிட்டேன். இந்த உறையைக் கடையில் வாங்கிய வெள்ளைப் பசையால் ஒட்டுகிறேன். விளிம்பு வேறு நிறத்தில் இருந்தால் எனக்கு உடனே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அப்பா