இடது சக்கரத்து நட்டு

நம்ம டார்லினோட அப்பா,

நான் தச்சநல்லூர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புதேன். சாளை மீன் குழம்பு மூடி வச்சிருக்கேன். பைய சுட வைங்க, அடிப்பிடிச்சிரும்.

நேத்து பஞ்சரான சக்கரத்தைக் கழட்ட ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சீங்க. என் தேங்காயெண்ணெயில பாதியை நட்டுல ஊத்துனீங்க. சொல்ல வந்தவளை, "உனக்கு ஒண்ணும் வெளங்காது, தள்ளி நில்லு"ன்னு விரட்டுனீங்க. நானும் கோவத்துல வாயை மூடிக்கிட்டேன்.

இப்பச் சொல்லுதேன். நம்ம பழைய ஜீப்புக்கு இடது பக்கம் மட்டும் மரை தலைகீழ். கடிகார முள்ளு சுத்துத பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். அதுக்குத்தான் போல்ட் முனையில 'எல்'னு போட்டிருக்கு. நீங்க குதிக்கக் குதிக்க அது இறுகத்தான் செஞ்சிருக்கு!

காலையில நானும் ஏறித்தான் நின்னேன், எதிர்ப்பக்கமா. நாலு நட்டை இளக்கிட்டேன், வண்டியை எடுத்துராதீங்க. அஞ்சாவதை உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன்.

எங்க தம்பி எஸ்றா மத்தியானம் ஸ்பேனர்ல மாட்டி நெம்ப நீளக் குழாயோட வருதான், மச்சானால முடியலன்னு சிரிக்கதுக்குன்னே. அதுக்குள்ள கழட்டிருங்க.

ரீபா

தேங்காயெண்ணெய் வாங்கி வைங்க.

எஸ்றா கேட்டா நீங்களே கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கிடுங்க. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே.