குடித்தவன் தோண்ட வேண்டிய அடிக்கட்டை

இண்டியானாபோலிஸ், நவம்பர் 1825

அன்பு மகன் யாபேஸுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே உயிரோடும் மிச்சமிருக்கும் பல்லோடும் இருக்கிறோம், நியூ ஆர்லியன்ஸில் நீயும் அப்படியே இருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் ஊர் மாநிலத் தலைநகராகிவிட்டதில் எல்லாருக்கும் தலை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தெருக்களுக்கு அகலம் கொடுத்தார்கள், பெயர் கொடுத்தார்கள், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பிடுங்கத்தான் ஆளில்லை. சட்டசபைக்காரர்களின் வண்டிகள் அவற்றில் மோதி அச்சு முறிகின்றன. அதனால் ஊர்க் கமிட்டி ஒரு விதி போட்டது: தெருவில் குடித்துத் தள்ளாடுகிறவன் ஒரு கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகென்ன, பெரிய தெருவில் பாதியை உன் அப்பாதான் சுத்தம் செய்தார். மாநில முன்னேற்றத்துக்கு அவரைப்போல் உழைத்தவர் யாருமில்லை.

போன மாதம் கூடாரக் கூட்டத்தில் பிரசங்கம் கேட்டு அழுதுவிட்டு வந்தவர் விஸ்கியை விட்டுவிட்டார். அடுப்பருகே கை நடுங்க, வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். தூக்கம் போனது கமிட்டித் தலைவர் பெல்டனுக்கு. சட்டசபை கூடும் கட்டடத்துக்கு நேர் எதிரே இருந்த பெரிய கட்டை அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமை அவரே ஒரு ஜாடி விஸ்கியோடு வந்து, "குளிருக்கு ஒரு வாய் குடிச்சா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாருப்பா" என்றார். உன் அப்பாவின் கண் ஜாடியை விட்டு நகரவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, "நீங்க குடிங்க, நான் வாசம் பாத்துக்கறேன்" என்றார்.

வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாமா? நானே ஊற்றினேன். கவர்னர் நலத்துக்கு ஒன்று, மாநில நலத்துக்கு ஒன்று, சட்டசபையின் இரண்டு அவைகளுக்கும் தனித்தனியே. நாட்டுப்பற்று மிக்கவர், எதையும் மறுக்கவில்லை. வெளியே போய் ஒரு பன்றிக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார், அங்கேயே கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நீலக் கோட்டோடு பெல்டன் அந்தப் பெரிய கட்டையைத் தோண்டக் குழியில் இறங்க, ஊரே வேடிக்கை பார்த்தது. மத்தியானம்வரை ஒரு வேர்கூட அசையவில்லை. கடைசியில் உன் அப்பா கோடரியோடு தானும் இறங்கினார். "என்னய்யா, குடிக்காமயே தோண்டுற?" என்று யாரோ கேலி செய்ய, "அது எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றார். சாயங்காலம் கட்டை பெயர்ந்தது. வீட்டுக்கு வந்தவரின் வாயை முகர்ந்து பார்த்தேன். வெங்காய நாற்றம் மட்டும்தான். அழுதுவிட்டேன், ஏன் என்று கேட்டதற்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

கம்பளிச் சட்டையை விற்றுவிடாதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, அவராகக் கேட்க மாட்டார். கர்த்தர் உன்னைத் தலைமுதல் கால்வரை காக்கட்டும்.

உன் அம்மா,
கெசியா வாடெல்