ஒன்பது வோல்ட் சந்தேகம்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் பேட்டரி செத்துவிட்டது. மூன்று வாரத்தில் இது நான்காவது. என்னுடையது ஆக்டிவ் பேஸ் கிட்டார். வயிற்றுக்குள் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகினால் கரைய ஆரம்பிக்கும், பிடுங்கினால் நிற்கும். நான் பிடுங்காமல் போனதே இல்லை. இந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன். ஒரு பேட்டரி ஆறு மாதமாவது வரும். இப்போது நாலே நாளில் சாரம் போய்விடுகிறது. கம்பியில் அந்தக் கணீர் இல்லை. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கிறது.

நான் கிளம்பிய பிறகு யாரோ கேபிளைச் செருகி வைக்கிறார்கள். யார்?

மார்ச் 5, வியாழன்

கீபோர்டுக்காரர்தான். வேறு யார்? வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவருடைய இடது கை கீழ் ஸ்தாயியில் மேய ஆரம்பித்துவிட்டது. அது என் இடம். இன்று இரண்டு பாட்டில் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்தார். "மேடையில எதுக்கு நாலு பேரு, மூணு பேரு போதாதா?" என்று மானேஜர் கேட்டாராம், டிரம்ஸ்காரர் சொன்னார். புரிகிறது.

இடைவேளையில் கீபோர்டும் பாடகியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எனக்குப் பாம்புக் காது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் என்ன பேசினார்கள் என்றுதான் பிடிபடவில்லை.

இனி கிட்டார் என்னோடு வீட்டுக்கு வரும்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்தும் ஐந்தாவது செத்தது. கடைக்காரன் போலிச் சரக்கு விற்கிறானோ?

கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீர் என்றது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதான் துள்ளிக் குதிக்கிறீங்களே, அப்புறம் ஏன் தூக்கிப் போடுறீங்க?"

"நாக்குக்கு என்னடி தெரியும்?"

அவள் அதை எடுத்துப்போய்ச் சமையலறைக் கூரையிலிருக்கும் புகை அலாரத்தில் போட்டாள். செத்த பேட்டரியைப் போட்டால் வீடே பற்றி எரிந்தாலும் அது வாயைத் திறக்காது என்றேன். ஏதோ முணுமுணுத்தாள். இப்போதெல்லாம் அவளும் முணுமுணுக்கிறாள். எதை மறைக்கிறாள்?

மார்ச் 12, வியாழன்

சவுண்டுக்காரர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சுவரிலிருந்து கரண்ட் எடுத்து, கேபிள் வழியாகவே கிட்டாருக்கு ஒன்பது வோல்ட் அனுப்புமாம். பேட்டரியே வேண்டாமாம்.

"பேட்டரின்னா சொல்லிட்டுச் சாகும். நடுப் பாட்டுல கரண்ட் போனா?" என்றேன்.

"கரண்ட் போனா ஆம்ப்ளிஃபயரும்தான் போயிடும்ணே. அப்புறம் நீங்க யாருக்கு வாசிப்பீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இவரும் கீபோர்டும் ஒரே வண்டியில்தான் வருகிறார்கள், அதையும் குறித்து வைக்கிறேன். என் கிட்டாரின் உயிர் இவர் கையிலிருக்கும் ஒரு சுவிட்சில் இருக்க வேண்டுமா?

மார்ச் 14, சனி

பெட்டியோடு வாசித்தேன். பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது. ஆனால் அதே போர்வை. அதே மந்தம்! மேல் ஸ்தாயியைத் தூக்கும் ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருப்பினேன். பாடகி முகத்தைச் சுளித்தாள். "அண்ணே, பல்லு கூசுது." மானேஜரும் காதைத் தேய்த்துக்கொண்டே போனார். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

பெட்டிக்குள் சவுண்டுக்காரன் ஏதோ வேலை செய்திருக்கிறான். வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பகல் பதினொரு மணி. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைச் சோதித்தேன். எங்கோ சன்னமாக ஒரு ரீங்காரம், சுவருக்குள் வண்டு இருப்பது போல. மாட்டிக்கிட்டியா என்று பெட்டியைப் பிடுங்கினேன். ரீங்காரம் நிற்கவில்லை. ஆம்ப்பை அணைத்தேன். நிற்கவில்லை. அட, கரண்டே இல்லாமல் எப்படி? சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு படாரென்று திறந்தது. மனைவி, அவளுக்குப் பின்னால் மாடி வீட்டுக்காரர், அவர்களுக்குப் பின்னால் ஒரே புகை.

"அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! தெருமுனை வரைக்கும் அலாரம் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. வண்டு மாதிரி கேட்டது.

நான் செத்ததென்று தூக்கிப் போட்ட பேட்டரி, தெருவையே கூட்டியிருக்கிறது.

மார்ச் 18, புதன்

அவள் என்னோடு பேசவில்லை. பேசினாளோ என்னவோ.

மார்ச் 21, சனி

அவள் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த 'செத்த' பேட்டரிகளைச் சவுண்டுக்காரரிடம் கொடுத்தேன். மீட்டர் வைத்தார். ஒன்பதுக்குக் கீழே ஒன்றுகூட இறங்கவில்லை. கோளாறு பேட்டரியில் இல்லை, என் காதில்தான் என்று நானே சொல்லிவிட்டேன்.

கீபோர்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சத்தமாகப் பேசினார். "டிரம்ஸ் குச்சி நாலு தட்டு தட்டினதும் எல்லாரும் எடுப்போம். கொஞ்ச நாளா நீங்க அரை நொடி தள்ளி எடுத்தீங்க. மானேஜருக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் இடது கையில ஒப்பேத்தினேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்." பாடகியைக் காட்டினார்.

கூடம் கோணல் என்று இத்தனை நாள் ஊரைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பேஸ் வாசிப்பவனுக்குக் காது போனால் மிச்சம் என்ன?

மார்ச் 26, வியாழன்

காது பரிசோதனைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அமுக்காமலே இருந்தேன். மெஷின் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பழக்கதோஷம்.

கீழ் ஸ்தாயி எல்லாம் பத்திரமாம், மேலேதான் போய்விட்டதாம். பரிசோதித்த அம்மா காதுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பேட்டரி மாத்துற மாதிரி வேணுமா, கரண்ட்ல சார்ஜ் போடுற மாதிரி வேணுமா?"

மனைவி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

காதுக்குப் பேட்டரி. கிட்டாருக்குப் பெட்டி. ட்ரெபிள் பாதியில்.

குச்சி தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். கீபோர்டுக்காரரின் இடது கை மடியில் இருந்தது.