நடுவில் ஆள் இல்லாத நம் லினக்ஸ்

என் அன்புத் தம்பி டேவிட்டுக்கு,

ஜெயித்துவிட்டோம் தம்பி! நீ கண்மூடிய பின் நல்ல சேதியோடு உனக்கு எழுத உட்காருவது இதுதான் முதல் முறை.

கும்மிடிப்பூண்டி நூலகத்துக்கு நீ ஆக்கிக் கொடுத்த தமிழ் லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் சொல்கிறேன். ஒரே பள்ளியில் நான் கணக்கும் நீ கணினியும் நடத்திய நாட்களில் தொடங்கியது அது. கம்பெனிகள் கழித்துக் கொடுத்த பழைய கணினிகளில் அது ஓட வேண்டும். மூல லினக்ஸ் ஒன்றை எடுத்து வேறொரு குழு மெருகேற்றி வைத்திருந்தது. நீ அதன்மேல் கட்டினாய். நமக்குப் பாதி வேலை குறையும் என்றாய். அன்றைக்கு அது சரிதான்.

இப்போது அந்தக் குழுவின் புதிய பதிப்பு வந்ததும் அதன் பளு தாங்காமல் நம் பழைய கணினிகள் திணறிப்போயின. ஷிப்ட் முடிந்து பயோடேட்டா அடிக்க வந்தவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடித்தளத்தை மாற்றாவிட்டால் உன் லினக்ஸை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் வீட்டில் கூடினோம். நேராக மூலத்துக்கே போகலாம் என்றேன்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துற இன்ஸ்டாலர்லேர்ந்து எல்லாம் நம்மளே பண்ணணும் டீச்சர். பேஜாரு," என்றான் நம் குழுவின் பாபு.

நான் ஓர் உதாரணம் தேடுவதற்குள் உன் மகள் மெர்சி முந்திக்கொண்டாள். அவள் இன்னமும் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

"இன்னாண்ணா, இது நம்ம கதைதான்! கம்பெனிக்கும் எனக்கும் நடுவுல காண்ட்ராக்டர் குந்திக்கினு கீறான். அவன் ஷிப்ட மாத்துனா என் தூக்கம் போவுது. கம்பெனியே நேரா பர்மனென்ட் ஆக்குறேன்னா, வேலை ஜாஸ்தின்னு வாணாம்பியா?"

"அப்பன் வாய் அப்படியே வந்துகீது," என்று சிரித்தான் பாபு. "டீச்சர், டீ போடுங்க. ஆரம்பிச்சிரலாம்."

ஆரம்பித்தோம். பிரிண்டரை மட்டும் மறந்துவிட்டோம்! அதற்கு வேண்டிய மென்பொருளை இத்தனை நாளும் நடுவில் இருந்தவர்களே சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்; நமக்குத் தெரியவே இல்லை. விடுபட்டதை மெர்சி தேடிப் பிடித்துச் சேர்த்தாள்.

போன ஞாயிறு, எளாவூர்ப் பெண் ஒருத்தியின் பயோடேட்டா தமிழில் அச்சாகி வெளியே வந்தது. மெர்சி போட்ட கூச்சலுக்கு "உஷ்!" என்ற நூலகர், அடுத்த நொடி தாமே கைதட்டினார். திரை மூலையில், நம் லினக்ஸின் சின்னமாக நீ வரைந்த பூநாரை அப்படியே நிற்கிறது. உன் மகளின் கூச்சல் உனக்குக் கேட்டதா தம்பி? மெர்சியை எப்போது பர்மனென்ட் ஆக்குவார்கள்?

மூலத்தில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முதல் ஆளாக நானே போட்டுப் பார்ப்பேன். பிரிண்டரையும் சேர்த்துத்தான்.

உன்னோடு சண்டை போட்டே பழகிய அக்கா,
கமலா டீச்சர்