தீப்பெட்டியில் இரண்டு சிம்

கும்மிடிப்பூண்டி,
13.8.2007

அன்புள்ள நைனாவுக்கு,

ஜெபா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நானும் சிம் கார்டு வாங்கிவிட்டேன். போன் மட்டும் அறைத்தோழி மேரியுடையது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்துவரை அவள் சிம்மைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொள்ளலாம்.

நேற்றுதான் முதல் தடவை. பேட்டரியைத் திறந்து அவளுடையதைக் கழற்றினேன். தொலைந்துவிடுமே என்று என்னுடையது இருந்த தீப்பெட்டியிலேயே வைத்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். மறுபடியும் அவளுடையதையே எடுத்துப் போட்டு மூடியிருக்கிறேன்! உடனே மணி அடித்தது.

"இன்னாம்மா, சாப்ட்டியா? கம்பெனில ரொம்ப வேலையா?"

"ம், சாப்ட்டேன்" என்றேன்.

குளித்துவிட்டு வந்த மேரி, போனில் கேட்ட குரலை வைத்தே கண்டுபிடித்து, "எங்கப்பாகிட்டயா பேசிக்கினு இருக்க? குடுடி!" என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு போனில் அவள் அப்பாவும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தோம்.

குரலைக் கேட்டதுமே அது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும், நைனா. ஆனாலும் உடனே சொல்ல மனசு வரவில்லை.

நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு நாலு மணிக்குக் கடை போனிலிருந்து கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

ஷிப்டு பஸ் வந்துவிட்டது.

ஜெபா