கழுவிக் கொடுத்த டிபன் பாக்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. போனில் நீ "நல்லா இருக்கியாக்கா" என்கிறாய், நான் "இருக்கேன்டா" என்கிறேன். அதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் உன் பக்கம் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. பிரிக்காமல் ஒரு மூலையில் போட்டுவைக்கலாம்தான். ஆனால் சிமெண்ட் மூட்டையைப் பார்த்துப் பார்த்து நானாகப் பழகிய இந்தக் கோணல் எழுத்தை உறையின் மேல் கண்ட பிறகு அப்படிச் செய்யும் தைரியம் உனக்கு வந்திருக்காது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தளம் போட்ட அன்று, சாரத்திலிருந்து விழுந்து சாவதற்கு முன், நம் ஆள் நெட்டையன் மதியச் சாப்பாடு சாப்பிட்டானா இல்லையா? அவன் மனைவி என்னிடம் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இனி இங்கத்துச் செய்தி. கிடங்கு அப்படியே இருக்கிறது. அப்படியே என்றால் அசையாமல். தளத்துக்கு அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் தகடுகள் வாடகைக்குப் போகாமல் சுவரோரம் அடுக்கியே கிடக்கின்றன. துரு ஏறக்கூடாது என்று நானே துணியை நனைத்து எண்ணெய் தடவுகிறேன். மேல் அடுக்கு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். திட்ட ஆள் இல்லாததால் ஏறுவது சுலபமாக இருக்கிறது. வாடகைக்குக் கேட்டு அவ்வப்போது யாராவது வருகிறார்கள். தகடைத் தட்டிப் பார்க்கிறார்கள், முட்டுக் குழாயை ஆட்டிப் பார்க்கிறார்கள், பிறகு அண்ணாந்து நம் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள். படித்ததும் "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். எல்லார் வீட்டிலும் அப்படி என்னதான் பதில் சொல்கிறார்களோ, போனவர் ஒருவரும் திரும்பவில்லை. பெயரை மாற்றி எழுதிவிடலாம் என்று பெயின்டர் யோசனை சொன்னான். "பேர மாத்துனா ஆளு மாறிடுவாங்களாடா" என்று கேட்டேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நம் ஆட்கள் வேறு வேறு மேஸ்திரிகளிடம் சேர்ந்துவிட்டார்கள். குற்றம் சொல்லவில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் தெருவில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் திடீரென்று போன் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் காலையில் தட்டு நிறைய டீ வரும், அதிலும் ஒன்று குறைகிறது என்று சண்டை நடக்கும். இப்போது டீக்கடைக்காரர் ஒரே ஒரு டம்ளரை விரல்களில் இடுக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறார். உன் மனைவியும் பிள்ளைகளும் உன்னிடம் வந்துவிட்ட பிறகு மாடி பூட்டியே கிடக்கிறது. எப்போதாவது போய் ஜன்னல்களைத் திறக்கிறேன். குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வருகிறது. சின்னவளின் செருப்பு ஒன்று கட்டிலடியில் கிடந்தது. துடைத்து வைத்தேன். இதற்குள் அது அவளுக்குப் பற்றாமல் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் இன்றும் சொல்வேன். நம் சாரத்தில் குறை இல்லை. ஒவ்வொரு கிளாம்பையும் நான் திருகிப் பார்த்த பிறகுதான் இங்கிருந்து வண்டியில் ஏறியது. விசாரித்துவிட்டுப் போன அதிகாரியும் அதையே எழுதினார். ஆனால் முதல் நாளே வக்கீல் நம்மைக் கூப்பிட்டு, "அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகாதீங்க, ஆறுதலா ஒரு வார்த்தை பேசினாக்கூட தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். நீ தலையாட்டினாய். நான் ஆட்டவில்லை. அவனை எடுத்த அன்று நான் போனேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி வரை சுவரோரமாக நின்றுவிட்டு நடந்தே வந்தேன். கேஸ் முடிந்து, கட்டடம் கட்டிய கம்பெனி அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, நீயும் கிளம்பிப் போய், எல்லாம் ஓய்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நெட்டையன் மனைவிக்கு ஓயவில்லை. சில வாரங்களாகக் கிடங்குக்கு வருகிறாள். முதலில் எதிர்ப்பக்கம் நின்று நம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சண்டை போடணும்னா உள்ள வந்து போடு, வெயில்ல எதுக்கு நிக்கிற" என்று கூப்பிட்டேன். வந்து தகடு அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. டிபன் பாக்ஸைப் பற்றிக் கேட்டாள்.

அன்று காலை இருவருக்கும் வாய்த்தகராறு. பள்ளிக்கூடத்தில் மகனுக்காகக் கூப்பிட்டிருந்தார்களாம்; யார் போவது என்று ஆரம்பித்து எங்கோ போய்விட்டது. "நீயும் வேணாம், உன் சாப்பாடும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பிவிட்டான். அவள் தெருமுனை வரை ஓடி டிபன் பாக்ஸை அவன் பையில் திணித்திருக்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மறுநாள் சைட் வாட்ச்மேன் அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். பளபளவென்று கழுவியிருந்தது. திறந்தால் சோப்பு வாசனைதான் இருந்தது என்றாள். "தின்னாரா, கோவத்துல அப்படியே வச்சிட்டாரா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் பெரியம்மா" என்கிறாள்.

கழுவியது நீ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கிடங்குக் குழாயடியில் உட்கார்ந்து நீ அதைத் தேய்த்ததை நான் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சின்ன வயதில் உன்னை அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். நான் சொன்ன எத்தனையோ விஷயங்களை மறந்தாய். அன்றைக்கு அதையும் மறந்திருக்கலாம்.

அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வாட்ச்மேன் "திருப்தியா சாப்பிட்டாரும்மா" என்றானாம். கம்பி கட்டுபவர் "பாதி சாப்பிட்டாரு" என்றாராம். இன்னொருவன் தனக்கும் ஒரு வாய் கொடுத்ததாகவே சொல்லிவிட்டான். உள்ளே என்ன இருந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. சரி, என்னிடம் எதற்கு வந்தாய் என்றேன். "உங்களுக்கு நல்ல வார்த்தை பேசவே வராதுன்னு அவரு சொல்வாரு. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

இப்படி ஒரு மரியாதை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்களேன், உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போவுது" என்று வாட்ச்மேன் நச்சரிக்கிறான். பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பார்த்தவன் நீ. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் அவள் மகனைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டோடு தங்கப் போகிறாள். அதற்குள் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதத்துக்குக் கடிதம் வரும் என்று தபால்காரரைப் பார்த்தபடி இருந்தேன். போகப்போக அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டு வண்டியை நிறுத்தாமல் போகத் தொடங்கினார். கடைசியில் உன்னிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. "சாப்பிட்டான்னு சொல்லிடுக்கா. அதோட முடியட்டும்."

நான் சொல்லவில்லை.

அது வந்த அன்றே அவளும் வந்தாள். போன் என் மடியில் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "தம்பி ஏதாச்சும் சொன்னாரா" என்றாள். இன்னும் சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை. அவன் சாப்பிட்டான் என்று நீ எனக்கு எழுதவில்லை. அவளிடம் அப்படிச் சொல்லிவிடு என்றுதான் எழுதியிருக்கிறாய். கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து "பூனைன்னு சொல்லிடுக்கா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. உன் குரல் எழுத்திலும் எனக்குக் கேட்கும்.

பிறகு ஒரு நாள் கலவை வண்டி ஓட்டுபவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று வாசலில் நின்றார். அன்று தளத்துக்குக் கலவை கொண்டுவந்தவரும் அவர்தான். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அன்னைக்கு வண்டி வழியில மாட்டிக்கிச்சு பெரியம்மா, ரொம்ப லேட்டு. நான் போய்ச் சேரும்போது எல்லாரும் கையக் கழுவிட்டு உக்காந்திருந்தாங்க. நெட்டையன் மூடியத் தொறந்து மடியில வச்சிருந்தாரு. கலவை இறுகிடும், மொதல்ல தளம், அப்புறம் சாப்பாடுன்னு உங்க தம்பி சத்தம் போட்டாரு. மூடி வச்சிட்டு ஏறுனாரு" என்றார். குடத்தை நிறைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

நானும் இந்தத் தொழிலில் கிடந்து நரைத்தவள்தான். கலவை காத்திருக்காது என்று எனக்கும் தெரியும். உன் இடத்தில் எந்த மேஸ்திரி நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். அவன் பசி மயக்கத்தில் விழுந்தானா, கால் வழுக்கி விழுந்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. விசாரிக்க வந்தவர்கள் கிளாம்பைக் கேட்டார்கள், பலகையைக் கேட்டார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அன்றைக்கே சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். கேட்காமல் போனதால் அந்த நிரம்பிய டிபன் பாக்ஸை நீ ஒருவனாகவே திறந்து, எங்கேயோ கொட்டி, கழுவிக் கவிழ்த்து, அத்தோடு அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறாய். உன் மனைவியிடமும் சொல்லியிருக்கமாட்டாய்.

அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார். தன் மேல் இருந்த கோபத்தில் சாப்பாட்டைத் தொடாமலே போய்விட்டான் என்று நினைத்து நினைத்து அவள் பாதியாகிவிட்டாள். அவன் கையைக் கழுவினான், மூடியைத் திறந்தான், சாப்பிட இருந்தான், விடவில்லை என்று தெரிந்தால் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும். அது உன் தலையில் ஏறும். ஏறட்டும். சுமந்து பழகிய ஆள்தானே நீ.

கேஸை மறுபடி கிளறிவிடுவார்கள் என்று வக்கீல் பயமுறுத்துவார். கிளறட்டும். கிடங்கை இழுத்து மூட வேண்டி வரலாம். இதை விற்கச் சொல்லி எத்தனையோ பேர் நயந்தும் பயமுறுத்தியும் பார்த்தார்கள், ஒருவருக்கும் நான் மசியவில்லை. இதற்காக என்றால் சாவியை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

டிரைவர் சொன்னதை நானே அவளிடம் சொல்லிவிடலாம். அவள் வரும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். அவள் கிளம்பும் நாள் வரை பொறுத்திருப்பேன். அன்றும் நீ வரவில்லை என்றால் பஸ் ஏறும் இடத்தில் வைத்துச் சொல்லிவிடுவேன். தம்பி என்று பார்க்கமாட்டேன். ஆனால் நான் சொன்னால் நீ மறைத்தாய் என்று ஆகிவிடும். நீ வந்து சொன்னால் நீ சொன்னாய் என்று இருக்கும். அந்த வித்தியாசம் அவளுக்கு எவ்வளவு முக்கியமோ தெரியாது. எனக்கு முக்கியம்.

கிளம்பி வா. மாடியைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, தூசி தாங்க முடியவில்லை. வந்த கையோடு அந்த வீட்டுக்குப் போவோம். நீ பேசும்போது நான் பக்கத்தில் நிற்பேன். உனக்குப் பரிந்து ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். ஆனால் அங்கே யாராவது கை ஓங்கினால், அந்த அடி முதலில் என் மேல்தான் விழும்.

நீண்ட ஆயுளோடு இரு, தம்பி.

அக்கா