சாத்தூர் மாடியறையில் இல்லாத அரைவை இயந்திரம்

அனுப்புநர்:
முனைவர் ஜெ. அகஸ்டின், எம்.பார்ம்.,
மேட்டுத் தெரு, சாத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சூலக்கரை, விருதுநகர்.

பொருள்: கணினி அறையைப் பட்டாசுக்கு ரசாயனம் அரைக்கும் இடமென்று பூட்டி முத்திரையிட்டது – 22.09.2025க்குள் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சில மாத்திரைகள் வயிற்றில் சரியாகக் கரைவதில்லை. அவற்றின் மருந்தை மாவைவிடப் பல மடங்கு நுண்ணியதாக அரைத்தால் கரையும். எந்த வேகத்தில், எத்தனை மணி நேரம் அரைக்கலாம் என்பதைக் கணினியிலேயே கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். அரைப்பதெல்லாம் திரையில் மட்டுமே. என் வீட்டில் இட்லி மாவுகூடக் கடையில்தான் வாங்குகிறோம்.

2. வாசலில் 'நுண் அரைவை ஆய்வகம்' என்று பலகை மாட்டினேன். வாய்க்கால் தகராறில் ஒன்பது ஆண்டுகளாக என்னோடு பேசாத பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை, பேச வேண்டிய இடத்தில் பேசிவிட்டார். தீபாவளி நெருங்கும் நேரம். வீடுகளில் திருட்டுத்தனமாகப் பட்டாசு வேலை செய்பவர்களைத் தேடும் குழு 11.09.2025 அன்று வந்தது.

3. குழுவினர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். "மில்லை எங்கன வச்சிருக்கீக சார்?" என்று அலுவலர் கேட்டார். திரையைக் காட்டினேன், அது என் தவறு. திரையில் உருளைக்குள் அரைக்கும் மணிகள் மோதிக்கொண்டிருந்தன. ஓரத்தில் வெப்பநிலை நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. "ஏலே, எல்லாரும் கீழ இறங்குங்க!" என்றார் உதவியாளர். அரை நிமிடத்தில் நால்வரும் தெருவில் நின்றார்கள். குறை சொல்ல மாட்டேன். அரைக்கும் இடத்தில் சூடு ஏறும்போது நின்று யோசிப்பவர்கள் இந்தப் பக்கத்தில் அதிக நாள் இருப்பதில்லை.

4. பிறகு, மறுபடி உள்ளே எட்டிப் பார்க்காமலே கதவைப் பூட்டி முத்திரையிட்டார்கள். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் தந்த தாளில், 'இயந்திரத்தை மறைத்து வைத்துள்ளார். ஒப்படைத்தால் முத்திரை அகற்றப்படும்' என்றுள்ளது. ஒப்படைக்க வேண்டுமானால் முதலில் ஒன்றை வாங்க வேண்டும். வாங்கி வீட்டில் வைத்தால், இவர்கள் எழுதியது உண்மையாகிவிடும்.

5. ஐதராபாத் கம்பெனி ஒன்று வலிப்பு நோய்க்கான மருந்தை 22ஆம் தேதி அரைக்கத் தொடங்குகிறது. அதற்குள் என் கணக்கு போய்ச் சேராவிட்டால், வேலை முனைவர் சபரிநாதனிடம் போகும். நான் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய கல்லூரியில் என் துறைத்தலைவராக இருந்தவர் அவர். கணினியில் அரைப்பதைப் பொம்மை விளையாட்டு என்று சொல்லி என் பதவி உயர்வை நிறுத்தினார். இப்போது அதே விளையாட்டை அவரும் ஆடுகிறார். வெள்ளைத்துரையைக்கூட நான் மன்னித்துவிடுவேன்.

6. ஆகவே, கணினி தெரிந்த அலுவலர் ஒருவரை அனுப்பி அறையைத் திறக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கணக்கு இந்நேரம் முடிந்திருக்கும். விடையை அனுப்ப எனக்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் அறையை மறுபடி பூட்ட வேண்டுமென்றால், பூட்டையும் சாவியையும் நானே எடுத்துத் தருகிறேன்.

இடம்: சாத்தூர்
நாள்: 16.09.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஜெ. அகஸ்டின்